கிழவன் தேற மாட்டான்

விரல் உடையும் சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று ஒட்டடை எதிர்பார்க்கவில்லை. சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பார்களே, அந்த அளவுதான். அதற்குப் பிறகு வந்த அலறல்தான் லாரி ஷெட்டின் தகரக் கூரை வரை போய் முட்டியது.

நாற்காலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவன் டிங்கர். நிஜ லாரிக்கு நசுங்கல் எடுப்பவன் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் கார்களுக்கு எடுப்பவன். தாத்தா காலத்து வார்ப்புக் கார்களைப் பிரித்து, துடைத்து, உதிர்ந்த பெயிண்ட்டை ஊசிமுனை பிரஷ்ஷால் வைத்துக் கொடுப்பான். அவன் குடும்பம் சாப்பிடுவது அந்த விரல்களால்தான். அவனுடைய இடது கை, பெஞ்சின் மேல் இரும்பை நெரித்துப் பிடிக்க வைத்திருந்த வைஸின் வாயில் மாட்டியிருந்தது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் போகக் கூடாத திசையில் போயிருந்தன.

"இடது கை முடிஞ்சதும் வலது கை இருக்கு," என்றார் சின்னவர், குறடைத் துடைத்தபடி. "வக்கீலம்மா, வந்த காரியத்தைச் சீக்கிரம் சொல்லுங்க."

சின்னவர் நேற்றுவரை அந்த லாரி கம்பெனியில் இரண்டாம் ஆள். இன்று காலை அவருடைய அண்ணன், ஊரே பெரியவர் என்று பயந்து கும்பிடும் முதலாளி, தன் வீட்டுக் கண்ணாடி அறையில் மண்டை பிளந்து கிடந்தார். சுற்றிலும் அவர் ஆயுசு பூராவும் சேர்த்த பொம்மைக் கார்கள். போலீசுக்குச் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. வெளியாள் என்று நேற்று அந்த வீட்டுக்கு வந்து போனவன் டிங்கர் ஒருவன்தான். விடிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வக்கீலம்மாவைக் கூட்டி வந்தவள் பெரியவரின் ஒரே மகள். கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் வக்கீலம்மா. கோர்ட்டில் பேசிப் பேசித் தேய்ந்துபோன தொண்டை. இப்போது கேட்பதோடு சரி. அவருக்கு ஒத்தாசைக்கு இருப்பவன் ஒட்டடை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவனைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

"சித்தப்பா, இவன் செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணலை," என்றாள் மகள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "செஞ்சிருந்தா நானே இந்தக் குறடை எடுத்துப்பேன். ஆனா தெரிஞ்சாகணும்."

"தெரியறதுக்கு என்னம்மா இருக்கு. அவனே பேசி வெச்சிருக்கான்," என்று சின்னவர் டிங்கரின் போனை எடுத்து அழுத்தினார். நேற்று சாயங்காலம் அவன் தன் மனைவிக்கு அனுப்பிய குரல் பதிவு அது.

"ஏய், கேளு. கிழவன் தேற மாட்டான். உள்ளுக்குள்ளயே விண்டு போயிட்டான். இன்னும் ரெண்டு நாள், மண்டை தானா பொளந்துக்கும். எடுத்துச் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாரு. இன்னைக்கே விஷயத்தை முடிச்சுட்டு வந்துடறேன். நீ சாப்ட்டுத் தூங்கு."

சுற்றி நின்ற லோடுமேன்கள் பல்லைக் கடித்தார்கள். அவர்களில் தூண் என்று கூப்பிடப்பட்டவன் முன்னால் வந்து டிங்கரின் வாயில் ஒரு குத்து விட்டான். பல் ஒன்று பெஞ்சில் விழுந்து உருண்டது.

"கிழவன்னா கார்ங்க," என்றான் டிங்கர் ரத்தத்தோடு. "பெரியவர் வெச்ச பேருங்க. காருக்குச் சீக்கு வந்திருச்சு, அதைச் சொன்னேங்க."

"என் அண்ணன்கிட்ட கிழவன்னு ஒரு காரும் கிடையாது," என்றார் சின்னவர். "எனக்குத் தெரியாதா?"

வக்கீலம்மா போனை வாங்கி இன்னொரு முறை கேட்டார். பிறகு டிங்கரைப் பார்த்தார்.

"பெரியவரைப் பத்திப் பேசறப்ப எப்பவும் அவர், இவர்தானா?"

"பின்ன எப்படிங்க பேசறது?"

"இதுல கிழவன் தேற மாட்டான், விண்டு போயிட்டான். ஆனா கேக்க மாட்டேங்கறது மட்டும் 'மாட்டேங்கறாரு'. ஒரே மூச்சுல ஒரே ஆளுக்கு ஒருத்தன் ரெண்டு மரியாதை குடுக்க மாட்டான் சின்னவரே. இதுல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் கிழவன். இன்னொருத்தர் சொல்பேச்சு கேக்காதவர்."

லோடுமேன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும் அவர்களுக்கும் புரிந்தது. ஒட்டடைக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க மேடம் இலக்கணத்துலயே ஆளைத் தூக்கில இருந்து இறக்கிடுவாங்க," என்றான்.

"கிழவன்னு ஒரு கார் இருந்ததுன்னு காட்டினா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

மகள் சித்தப்பாவைப் பார்த்தாள். வேலையாட்களும் பார்த்தார்கள். சின்னவரால் மறுக்க முடியவில்லை. "கடைசி லாரி லோடு ஏத்திக் கிளம்பற வரைக்கும் டைம். லாரி ஷெட்டைத் தாண்டிச்சுன்னா இவன் வலது கை வைஸுக்குள்ள போகும். தூண் உங்க கூட வருவான்."

ஷெட்டுக்குள் வெந்நீர் அண்டா மாதிரிப் புழுங்கியது. எல்லோரும் பனியனோடு நிற்க, சின்னவர் மட்டும் கோட்டுக்குப் பொத்தான் போட்டிருந்தார். முதலாளி ஆன முதல் நாள், கோட்டு இல்லாமல் எப்படி என்று ஒட்டடை நினைத்துக்கொண்டான். அவர் கைக்குட்டையை உருவியபோது ஒரு குட்டி வெள்ளைப் பொட்டலம் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. தூணை எடுக்கச் சொல்லி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"அஜீரண மருந்து போல," என்றான் ஒட்டடை வெளியே வந்ததும். "விரலா ஒடிச்சுத் தின்னா ஜீரணம் ஆகுமா?"

வீடு ஷெட்டை ஒட்டியே இருந்தது. மாடிப்படி ஏறிக் கண்ணாடி அறை வாசலுக்கு வந்ததும் தூண் குறுக்கே நின்றான்.

"வீடு பூரா தேடுங்க. இந்த ரூம் மட்டும் கிடையாது. சின்னவர் என் காதுல சொல்லி அனுப்பினார்."

"செத்த இடத்தைப் பாக்காம வேற எதைப் பாக்கறது?" என்றாள் மகள். "எங்கப்பா உள்ள இருக்கார். வழி விடு."

தூணுக்குச் சங்கடம்தான். ஆனாலும் நகரவில்லை. வக்கீலம்மா ஒட்டடையின் முதுகில் லேசாகத் தட்டினார். இதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நீ அடி வாங்கிக்கொண்டிரு, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம்.

"அண்ணே," என்று தொடங்கினான் ஒட்டடை, "பொம்மைக்குக் காவல் காக்க இம்புட்டு உடம்பு எதுக்கு?"

முதல் குத்து மூக்கில். அடுத்தது விலாவில். ஒட்டடை சுவரோடு போய் ஒட்டினான். தூண் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியதில் வாசல் காலியானது; பெண்கள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். அதைப் பார்த்துத் தூண் திரும்பிய நொடியில் ஒட்டடை அவன் காதைக் கடித்தான். விடவில்லை. தூண் அலறிக்கொண்டு சுழன்றான், ஒட்டடையும் காதில் தொங்கியபடியே சுழன்றான். இருவருமாகப் படியில் உருண்டார்கள். அடியில் போய்ச் சேர்ந்தபோது தூணின் முழங்கால் சில்லு கைப்பிடிக் கம்பியில் மோதி நகர்ந்திருந்தது. ஒட்டடை வாயிலிருந்ததைத் துப்பினான். நல்லவேளை, காது முழுசாக இல்லை, ஓரம்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. தொழில்," என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்தபடி மேலே ஏறினான்.

அறைக்குள் சில்லென்று இருந்தது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள், உள்ளே பஸ், வேன், தீயணைப்பு வண்டி, பந்தயக் கார். தரையில் பெரியவர் கிடந்தார். மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். தலைப்பக்கத் துணி கறுத்துக் காய்ந்து விறைத்திருந்தது. பக்கத்தில் சுத்தியல். அதன் முனையில் முடி ஒட்டியிருந்தது.

நடு அலமாரி மட்டும் விநோதமாக இருந்தது. நடுத்தட்டு காலி. அதற்கு மேலும் கீழும் இருந்த கார்களெல்லாம் ஓரமாக ஒதுங்கி, கடன்காரனைக் கண்டவர்கள் மாதிரி நெருக்கியடித்து நின்றன.

"இது அப்பா வேலை," என்றாள் மகள். "ஒரு காருக்குச் சீக்குன்னா மத்ததை எல்லாம் தள்ளி வெச்சுடுவார். பழைய கார்கள்ல சிலதுக்கு உலோகமே உள்ளுக்குள்ள நோகும். முதல்ல தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அப்புறம் வீங்கும். அப்புறம் ஒரு நாள் தொட்டா மண்ணா உதிரும். சூடு, ஈரம், குலுக்கல் எதுவும் ஆகாது. ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்னு அப்பாவுக்குப் பயம். எனக்கு டைபாய்டு வந்தப்ப கூட அப்படிப் பயப்படலை."

"கிழவன்?"

"பேர் எல்லாம் எனக்குத் தெரியாது. என்னைத் தொடவே விட்டதில்லை. நடுத்தட்டுல ஒரு சாயம் போன கார் இருக்கும், அது தெரியும். அதைத்தான் காணோம்."

வக்கீலம்மா துணியின் ஓரத்தைத் தூக்கினார். பெரியவரின் இடது கையில் வெள்ளைப் பருத்தி உறை இருந்தது. வலது கை வெறுங்கை. வலது கைக்கான உறை மேஜை மேல் கிடந்தது. மேஜையில் ஒரு மரப்பலகை, அதன் மேல் மடித்த துணி. இரண்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன.

"ஒட்டடை, காரைத் தூக்கறப்ப எத்தனை கைக்கு உறை போடுவே?"

"ரெண்டு கைக்கும்."

"ஒண்ணைக் கழட்டினா?"

"அரிச்சிருக்கும்." அவர் பார்த்த பார்வையில் ஒட்டடை திருத்திக்கொண்டான். "வழுவழுன்னு எதையோ இறுக்கிப் பிடிக்கணும். உறை வழுக்கும்." அவன் கண் தரையிலிருந்த சுத்தியலின் கைப்பிடிக்குப் போனது. "அட. சுத்தியலை எடுத்தது பெரியவரா?"

"இடது கையால காரைப் பலகை மேல வெச்சுப் பிடிச்சார். வலது கையால ஓங்கினார். சீக்குக் காரை உடைச்சுத் தூக்கிப் போட்டுட்டா மத்தது பிழைக்கும்னு நினைச்சிருக்கார். ஆனா பலகையில ஒரு பொட்டுத் தூள் இல்லை. சுத்தியல் இறங்கலை. யாரோ பிடுங்கி அவர் மேல இறக்கிட்டாங்க. காரையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"திருடனா இருந்தா இந்த அலமாரியில எதை எடுத்தாலும் நல்ல சரக்கு. இவன் ஏன் நாளைக்கு மண்ணாப் போறதைத் தூக்கிட்டுப் போனான்?"

"அதான் கேள்வி. டிங்கருக்கு அது தேறாதுன்னு தெரியும். அவன் எடுக்க மாட்டான். அது சாகறதைப் பாக்க முடியாதவன் எடுத்திருக்கான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒட்டடை மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் கீழே சிந்தாமல் அலமாரிக்குள் தலையை நீட்டினான். ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி வெள்ளைப் பொட்டலம்.

"மேடம், இது சின்னவர் சாப்பிடற மருந்து."

வக்கீலம்மா பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் படித்தார். "ஈரம் உறிஞ்சும் உப்பு. சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அப்ப அவர் சாப்பிடலை," என்றான் ஒட்டடை மெதுவாக. "கோட்டுக்குள்ள வேற யாருக்கோ ஊட்டிக்கிட்டு இருக்கார்."

கீழே லாரி ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். பாதி லோடுதான் ஏறியிருந்தது. தார்ப்பாய் கூடக் கட்டவில்லை. அதற்குள் லாரி ஷெட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

படிகளில் பாய்ந்து, முனகிக்கொண்டிருந்த தூணைத் தாண்டி ஓடினார்கள். தூணும் நொண்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஷெட்டுக்குள் டிங்கரின் வலது கை வைஸுக்குள் போயாகிவிட்டது. சின்னவர் குறடை ஆள்காட்டி விரலில் வைத்திருந்தார். டிங்கர் கத்தவில்லை, தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க," என்றார் வக்கீலம்மா. "கிழவன் கிடைச்சுட்டான். அலமாரிக்கு அடியில ரெண்டா உடைஞ்சு கிடக்கான்."

லோடுமேன்கள் எல்லோரும் வக்கீலம்மாவைப் பார்த்தார்கள். சின்னவர் பார்க்கவில்லை. குறடு கீழே விழ, அவருடைய கை கோட்டின் இடது மார்பைத் தடவியது. தூங்குகிற கைக்குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது போலத் தடவியது. தடவிப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"நான் சொன்னது பொய்," என்றார் வக்கீலம்மா. "நீங்க தொட்டுப் பார்த்தது நிஜம்."

சின்னவர் பேச்சுக்கு நேரம் கொடுக்கவில்லை. பெஞ்சிலிருந்த இரும்புத் தடியை எடுத்துச் சுழற்றினார். வக்கீலம்மாவின் தோளில் பட்டு அவர் டயர் அடுக்கில் போய் விழுந்தார். குறுக்கே வந்த லோடுமேன் ஒருவனின் தாடை பெயர்ந்தது. இன்னொருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தடியைச் சுழற்றும்போதும் சின்னவர் இடது கையை மார்பை விட்டு எடுக்கவேயில்லை. ஒரே கையால் அந்த ஷெட்டையே ரத்தக்களறி ஆக்கினார்.

தடி இப்போது கட்டிப் போட்டிருந்த டிங்கரின் தலைக்கு மேல் உயர்ந்தது. "நீ மட்டும் சீக்குன்னு சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..." என்றார் சின்னவர்.

ஒட்டடை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருப்பான். தலையைக் குனிந்துகொண்டு கிடா மாதிரிப் பாய்ந்து சின்னவரின் மார்பில் முட்டினான். இருவரும் ஷெட்டில் பழுதாகி நின்ற ஒரு லாரியின் பின் சக்கரத்தில் மோதினார்கள். ஒட்டடையின் நெற்றிக்குக் கீழே, கோட்டுத் துணிக்குள், காய்ந்த ரொட்டி நொறுங்குவது போல ஏதோ நொறுங்கியது.

சின்னவரின் கையிலிருந்து தடி நழுவியது. ஒட்டடை அடுத்த அடிக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தான். அடி வரவில்லை. கண்ணைத் திறந்தபோது சின்னவர் தரையில் உட்கார்ந்து, கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத் தூள். நடுவில் ஒரு சின்ன அச்சுக் கம்பி. அதன் ஒரு முனையில் சக்கரத்துக்குப் பதிலாகக் கோத்த சட்டைப் பொத்தான்.

"என் சட்டைப் பொத்தான்," என்றார் சின்னவர், யாரிடம் என்று இல்லாமல். "சக்கரம் தொலைஞ்சப்ப நான்தான் பிச்சுப் போட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்த ஒரு கார்தான். எங்கம்மா வேலை செஞ்ச வீட்டுல தூக்கிப் போட்டது. அப்பவே பழசு. கிழவன்னு பேர் வெச்சு விளையாடினோம். அப்புறம் அவன் பெரிய ஆளாகி, கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டான். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஒரு தடவை தொட்டுப் பாக்கறேன்னு."

"அதுக்காக எங்கப்பாவையா சித்தப்பா?" என்றாள் மகள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"அவன் அதை உடைக்கப் போனான்மா. என் ரூம்ல வெச்சுக்கறேன், உன் கார் பக்கமே வர விட மாட்டேன்னு காலைப் பிடிச்சேன். கேக்கலை. ஒண்ணு போனாத்தான் மத்தது பிழைக்கும், இல்லேன்னா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்னு சுத்தியலை ஓங்கிட்டான். பிடுங்கினேன். அப்புறம் என் கை நிக்கலை."

மகள் டிங்கரின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வைஸைத் தளர்த்தி வலது கையை வெளியே எடுத்தாள். விரல்கள் சிவந்திருந்தன, ஆனால் எல்லாம் நேராக இருந்தன. டிங்கர் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டான். பிறகு சின்னவர் பக்கம் வந்து, கைக்குட்டையில் இருந்ததைக் குனிந்து பார்த்தான்.

"இதை ஒட்ட வைக்க முடியுமாடா?" என்று கேட்டார் சின்னவர்.

"முடியாதுங்க."

"உங்கிட்ட இல்லாத பசையா?"

"இது பிறவிச் சீக்குங்க. வார்க்கறப்பவே அழுக்கு ஈயம் கலந்துட்டாங்க. அதோட பொறந்தது, அதோட போவுது." டிங்கர் உடைந்த இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டான். "பக்கத்துல இருக்கறதுக்கு ஒட்டாதுங்க. யாரோ கிளப்பி விட்ட புரளி. தனியா ஒரு மூலையில வெச்சாப் போதும்னு பெரியவர்கிட்ட சொன்னேன், கேக்கலை. திரும்பப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ள சத்தமா இருந்துச்சு, யாரும் திறக்கலை."

சின்னவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டாதா?"

"ஒட்டவே ஒட்டாதுங்க."

சின்னவர் எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. அவர் பெஞ்சுக்குப் போய், அண்ணனை அடித்த வலது கையை வைஸின் வாய்க்குள் வைத்தார். "இறுக்குடா," என்றார் தூணிடம். தூண் அழுதுகொண்டே பின்வாங்கினான். சின்னவர் கைக்குட்டையைப் பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு, இடது கையால் தானே பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். தோளைப் பிடித்தபடி எழுந்து வந்த வக்கீலம்மாவும் ஒட்டடையும் சேர்ந்து இழுத்தும் அந்தக் கையை நிறுத்த முடியவில்லை.